எந்தத் தாள் செல்லும்? இந்தியக் கட்டுமான ஆவணங்களின் நூற்றெழுபது ஆண்டுகள்

(சற்றே நீண்ட பதிவு. கட்டுமானத் தளங்களில் பணிபுரியும் நண்பர்களும், தம் ஊரில் நடக்கும் அரசு வேலையின் கணக்கைக் கேட்க விரும்பும் நண்பர்களும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

இன்று ஒரு கட்டுமானக் குழு தனக்குள் பகிர்ந்துகொள்ளும் கணினிக் கோப்புறையைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான் தென்படும். முதல் தளத்துக்கு நான்கு வரைபடங்கள் இருக்கும். ஒன்றின் பெயர் 'ஃபைனல்'. அடுத்தது 'ஃபைனல் 2'. மூன்றாவது 'ஃபைனல் நியூ'. நான்காவது யாரோ ஒருவருடைய பெயரையும் ஒரு தேதியையும் சுமந்து நிற்கும். தளத்தில் கம்பி கட்டுபவரின் கையில் இருப்பதோ, இவற்றுள் ஏதோ ஒன்றைக் கைப்பேசியில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி. ஆவணங்கள் எல்லோருக்கும் கிடைக்கின்றன. எது செல்லும், எது செல்லாது என்பதுதான் எவருக்கும் உறுதியாகத் தெரிவதில்லை.

இதைக் கணினி கொண்டுவந்த புது நோய் என்று பலரும் எண்ணுகிறார்கள். நல்ல மென்பொருள் ஒன்றை வாங்கினால் தீர்ந்துவிடும் என்றும் நம்புகிறார்கள். நோய் பழையது. அதற்கான மருந்துகளும் இந்நாட்டில் தாளிலும் மையிலும் பலமுறை எழுதிப் பார்க்கப்பட்டவையே. ஓர் ஆவணத்தை எல்லோராலும் திறக்க முடிவதால் மட்டும் அது பொது ஆவணம் ஆகிவிடாது. அதன் எண் என்ன, தேதி என்ன, யார் ஒப்பினார், எந்தப் பழைய ஆவணத்தை அது நீக்கியது என்பவை அதிலேயே தெரிய வேண்டும். எவருடைய உழைப்பும் பணமும் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவோ, அவருக்கும் அது காணக் கிடைக்க வேண்டும். முதற்பகுதியைப் பொறியாளர்கள் ஏறத்தாழ நூறாண்டுகளில் கற்றுக்கொண்டார்கள். இரண்டாம் பகுதியை அவர்களுக்குக் கற்பித்தவர்கள் இராஜஸ்தானத்துக் கூலித் தொழிலாளர்கள். இப்பதிவு அவ்விரு பாடங்களின் வரலாறு.

1

ஒரு வீட்டைக் கட்டும்போது தலைமைக் கொத்தனார் சுவரின் முன்னேயே நிற்கிறார். ஐயம் எழுந்தால் வாயால் கேட்கலாம். நூல் பிடித்துக் காட்டலாம். தவறாக வைத்த கல்லை அன்றைக்கே பெயர்த்து வைக்கலாம். பணியின் தலைவரும் பணியாளரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத தொலைவுக்கு வேலை நீளும்போதுதான் தாள் தவிர்க்க முடியாததாகிறது.

வட இந்தியாவில் அத்தகைய வேலையாக அமைந்தது கங்கைக் கால்வாய். ஹரித்துவாரில் கங்கையிலிருந்து நீரைத் திருப்பிக் கான்பூர் வரை கொண்டு செல்லும் இத்திட்டத்தின் பணி 1842-இல் தொடங்கியது. வகுத்தவர் ப்ரோபி காட்லி. கால்வாய் வேலையில் மிக நுண்ணியது மட்டம். நீர் தானாக ஓட வேண்டும். ஆனால் அடித்தரையை அரிக்கும் வேகத்தில் ஓடக் கூடாது. ஒருவர் தம் பகுதியில் மட்டத்தைச் சிறிது பிறழக் குறித்துவிட்டால் அடுத்த பகுதியை வெட்டுபவரின் உழைப்பும் கெடும். ஆகவே ஒவ்வொரு பகுதியின் மட்டக் குறிப்பும் மற்றப் பகுதியினர் நம்பிப் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டியிருந்தது. வேலை நடந்துகொண்டிருந்த 1845 முதல் 1848 வரை காட்லியே விடுப்பில் இங்கிலாந்தில் இருந்தார். தலைவர் ஊரில் இல்லாத காலத்திலும் வேலை அதே கோட்டில் நடக்க வேண்டும் என்றால், அவர் மனத்தில் இருப்பது தாளில் இருந்தாக வேண்டும்.

தாளை வரையவும் வாசிக்கவும் ஆள் வேண்டும் அல்லவா? ரூர்க்கி கல்லூரி 1847-இல் தோன்றியதன் பின்னணியில் இத்தேவை இருந்தது. பொறியாளர்களோடு மேற்பார்வையாளர்களையும் நில அளவையாளர்களையும் வரைவாளர்களையும் அக்கல்லூரி பயிற்றியது. 1854-இல் அது தாம்சன் கட்டடப் பொறியியற் கல்லூரி என்று பெயர் பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் கால்வாய் திறக்கப்பட்டது. ரூர்க்கிக்கு அருகே சோலானி ஆற்றின் மேல், ஒவ்வொன்றும் 50 அடி அகலமுள்ள 15 வளைவுகள் தாங்கி நிற்கும் நீர்ப்பாலம் அவ்வேலையின் சிகரம்.

பணி முடிந்தபின் காட்லி செய்த ஒரு காரியம் இங்கு முக்கியமானது. கால்வாய் வேலைகளைப் பற்றிய விரிவான அறிக்கையை, வரைபடத் தொகுப்புடன், 1860-இல் வெளியிட்டார். என்ன நடந்தது? கோதாவரி அணையைக் கட்டியவரும், தமிழகத்தில் காவிரி, கொள்ளிடப் பணிகளால் அறியப்பட்டவருமான ஆர்தர் காட்டன் கால்வாயின் அமைப்பைக் கடுமையாகக் குறை கூறினார். நீரைத் திருப்பும் இடம் சரியல்ல, அடித்தரையின் சரிவு மிகுதி என்பவை அவருடைய குற்றச்சாட்டுகளுள் சில. 1860-களில் இருவரும் அச்சிலேயே வாதிட்டனர். சரிவு மிகுதி என்ற குறை வெறும் பொறாமைப் பேச்சு அன்று என்பதைக் கால்வாயின் அரிப்பே காட்டியது. பின்னாளில் திருத்த வேலைகள் செய்ய நேர்ந்தது. காட்லிக்கு அவ்வாதம் இனிமையாக இருந்திருக்காது. ஆனால் ஆவணத்தைப் பிறர் கண்முன் வைத்ததன் பயன் அதுவே. மறைத்து வைத்த வரைபடத்தில் பிழை காண ஒருவராலும் இயலாது. அப்பிழையைக் கடைசியில் மண்ணும் நீரும்தான் சொல்லும்.

2

கால்வாய் திறந்த காலத்தை ஒட்டியே டல்ஹவுசி பிரபு பழைய இராணுவ வாரியத்தின் பொறுப்பிலிருந்து கட்டுமானங்களைப் பிரித்துப் பொதுப்பணித் துறையை அமைத்தார். சாலை, பாலம், கால்வாய், சிறைச்சாலை, நீதிமன்றம் என்று நாடு முழுவதும் வேலைகள் பெருகின. அவற்றோடு படிவங்களும் பெருகின. அப்படிவங்களுள் இரண்டு, கட்டுமான ஆவணம் என்றால் என்ன என்பதையே வரையறுத்தன. ஒன்று அளவுப் புத்தகம். தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் பேச்சில் அது 'எம்.புக்'. மற்றொன்று மஸ்டர் ரோல் என்னும் வருகைப் பட்டியல்.

அளவுப் புத்தகத்தின் விதிகளை ஊன்றிப் படித்தால் அவற்றின் கூர்மை வியப்பளிக்கும். பக்கங்கள் யாவும் இயந்திரத்தால் எண்ணிடப்பட்டிருக்க வேண்டும். எந்தப் பக்கத்தையும் கிழிக்கக் கூடாது. எழுதியதைச் சுரண்டியோ அழித்தோ மாற்றக் கூடாது. பிழை நேர்ந்தால் பழைய எழுத்து தெரியும்படி அடித்துவிட்டு, சரியானதை எழுதி, தேதியோடு சுருக்கொப்பம் இட வேண்டும். அளந்தவர் ஒருவர், அவர் அளந்ததில் ஒரு பங்கை மேலதிகாரி மீண்டும் தளத்துக்கே சென்று அளந்து சரிபார்க்க வேண்டும். எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்பதற்குத் தனிப் பதிவேடு உண்டு. ஒப்பந்ததாரருக்குச் சேரும் ஒவ்வொரு ரூபாயும் இப்புத்தகத்தின் ஒரு வரியிலிருந்தே பிறக்கிறது. வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் சான்றாவதும் இதுவே.

மஸ்டர் ரோலின் விதிகள் இதனினும் கடியவை. அதை ஒருபோதும் இரண்டு படிகளாகத் தயாரிக்கக் கூடாது. ஒரே தாளுக்கு இரண்டு பிரதி இருந்தால் ஒரே வேலைக்கு இரண்டு கூலி எழுதலாம் என்பதை விதியை இயற்றியவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். வந்தவர், வராதவர் இருவரையும் அன்றன்றே குறிக்க வேண்டும்; பின்னால் ஒரு பெயரை நுழைக்க இடமில்லாதபடி குறிக்க வேண்டும்.

இவ்விதிகளைப் புகழ்ந்துகொண்டே போகலாம்; ஆனால் அவற்றின் வேர் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அவை பெருமளவில் அவநம்பிக்கையில் முளைத்தவை. மேலிருந்த ஐரோப்பிய அதிகாரி கீழிருந்த இந்திய ஊழியரை நம்பவில்லை. ஊழியர் ஒப்பந்ததாரரை நம்பவில்லை. கூலியாளை எவரும் நம்பவில்லை. கணக்கு மேல்நோக்கியே சென்றது. தளத்திலிருந்து உட்கோட்டத்துக்கும், கோட்டத்துக்கும், கணக்காயர் அலுவலகத்துக்கும் ஏறிச் சென்ற தாள், மண்வெட்டி பிடித்தவரிடம் ஒருநாளும் இறங்கி வரவில்லை. வருகைப் பட்டியலில் பெருவிரல் ரேகை வைத்தவருக்குத் தன் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் வழி இல்லை. ஒழுங்கு இருந்தது, பகிர்வு இல்லை.

விடுதலைக்குப் பின் இவ்வொழுங்குக்கு இன்னொரு படி சேர்ந்தது. 1947-இல் தோன்றிய இந்தியத் தர நிறுவனம், கட்டட வேலைகளை அளக்கும் முறைக்கென ஐ.எஸ். 1200 என்னும் தரத்தை 1958-இல் வெளியிட்டது. கட்டட வரைபடங்களுக்கு ஐ.எஸ். 962 வந்தது. சுவரில் உள்ள கதவுத் திறப்பைக் கழித்து அளப்பதா, எந்த அளவுக்குக் கீழ்ப்பட்ட திறப்பைக் கழிக்காமல் விடுவது என்பன போன்றவற்றுக்கு எழுத்தில் ஒரு பொது விடை கிடைத்தது. சிறிய செய்திபோலத் தோன்றும். ஆனால் ஒரே சொல்லை இருவர் இரு பொருளில் ஆண்டால், ஒரே ஆவணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அவர்கள் இரண்டு ஆவணங்களைத்தான் படிக்கிறார்கள்.

3

வரைபடத்துக்கு வருவோம். ஒரு வரைபடத்துக்குப் பிரதி வேண்டுமானால் முற்காலத்தில் வரைவாளர் ஒருவர் அமர்ந்து கோடு கோடாக மீண்டும் வரைய வேண்டும். வட நாட்டில் அவருக்கு நக்ஷாநவீஸ் என்று பெயர். கையால் பெயர்க்கும் எதிலும் பிழை புகும். ஓலைச்சுவடி மரபை அறிந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டறிந்த நீலப் படிமுறை இந்நிலையை மாற்றியது. அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அது பொறியியல் அலுவலகங்களில் பரவியது. ஒளி ஊடுருவும் துணியிலோ தாளிலோ வரைந்த மூலத்தை, மருந்து பூசிய தாளின் மேல் வைத்து வெயில் காட்டினால், நீலப் பின்னணியில் வெண்கோடுகளாகப் பிரதி கிடைக்கும். இருபதாம் நூற்றாண்டில் அம்மோனியா பிரிண்ட் அதன் இடத்தைப் பிடித்தது.

இம்முறையின் பயன் விரைவு மட்டுமன்று. மூலமும் பிரதியும் கண்ணால் பார்த்தே வேறு வேறு என்று தெரியும்படி பிரிந்தன. மூலம் அலுவலகத்தின் இழுப்பறையில் உறங்கும். பிரதி தளத்தின் வெயிலிலும் சிமெண்டுத் தூசியிலும் கிழியும். திருத்தம் செய்ய வேண்டுமானால் மூலத்தில்தான் செய்ய முடியும். திருத்தியவுடன் வரைபடத்தின் வலது கீழ்மூலையில் உள்ள தலைப்புக் கட்டத்தில் திருத்த எழுத்தும் தேதியும், என்ன மாறியது என்னும் குறிப்பும், ஒப்பியவரின் சுருக்கொப்பமும் ஏறும். புதிய பிரதி யாருக்கு அனுப்பப்பட்டது என்று பதிவேட்டில் எழுதப்படும். பழைய பிரதியில் 'நீக்கப்பட்டது' என்ற முத்திரை விழும், அல்லது அது திரும்பப் பெறப்படும்.

இன்று வாட்ஸ்அப்பில் வலம் வரும் வரைபடப் படங்களைச் சற்று உற்றுப் பாருங்கள். தேவையான பகுதியை மட்டும் பெரிதாக்கி எடுத்த படத்தில் முதலில் வெட்டுப்படுவது அந்த வலது கீழ்மூலைதான். எண் போயிற்று, தேதி போயிற்று, திருத்த எழுத்தும் போயிற்று. பீமில் நான்கு கம்பி என்று இருந்தது நேற்று ஐந்தாக மாறியிருக்கலாம். கம்பி கட்டுபவர் கண்ட படத்தில் நான்குதான் இருக்கும். கான்கிரீட் விழுந்தபின் அந்த ஐந்தாவது கம்பி எங்கே என்று எந்தக் கோப்புறையில் தேடுவது?

4

இவ்வளவு ஒழுங்கும் இருந்தும் ஆவணம் தோற்ற ஒரு புகழ்பெற்ற இடம், புது தில்லியின் ரைசினா குன்று.

1911-இல் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டது. வைசிராய் மாளிகையை வடிவமைக்கும் பொறுப்பு எட்வின் லட்டியன்ஸுக்கும், தலைமைச் செயலகக் கட்டடங்களின் பொறுப்பு ஹெர்பர்ட் பேக்கருக்கும் சென்றது. செயலகங்களையும் மாளிகையையும் ஒரே குன்றின் மேல் ஒரே மட்டத்தில் அமைப்பதென்றும், அதனால் மாளிகையைப் பின்னோக்கித் தள்ளுவதென்றும் முடிவாயிற்று. கீழிருந்து குன்றின் மேல் ஏறும் சாலையின் சரிவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும் 1913-இல் வகுத்து, இருவரும் ஒப்பமிட்டனர்.

அந்தச் சரிவில் ஏறி வருபவரின் கண்ணுக்கு மாளிகை மறைந்துபோகும் என்பதை லட்டியன்ஸ் 1916-இல்தான் உணர்ந்தார். குவிமாடத்தின் மேற்பகுதி மட்டும் குன்றின் விளிம்புக்கு மேலே மிதப்பதுபோலத் தெரியும். சரிவை மாற்றக் கோரி அவர் அலுவலர்களிடமும் குழுக்களிடமும் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார். செலவைக் காரணம் காட்டி மறுத்துவிட்டனர். இரு நண்பர்களின் உறவும் முறிந்தது. 1931-இல் நகரம் முறையாகத் திறந்துவைக்கப்பட்டபோதும் சரிவு அப்படியேதான் இருந்தது. இன்றும் விஜய் சௌக்கிலிருந்து மேலே பார்ப்பவர் அந்தப் பிணக்கைக் கண்ணாரக் காணலாம்.

இதில் ஆவணம் தொலைந்ததா? இல்லை. வரைபடம் இருந்தது. ஒப்பம் இருந்தது. தேதியும் இருந்தது. இருவர் கையிலும் ஒரே தாள்தான். ஆனால் 1914-இல் இலண்டன் ராயல் அகாதமியில் காட்சிக்கு வைக்கப்பட்ட ஓவியமோ, தரையில் நிற்பவரின் கண்ணுக்கு எட்டாத உயரமான ஓர் இடத்திலிருந்து பார்த்ததாக வரையப்பட்டிருந்தது. அதில் மாளிகை முழுமையாகத் தெரிந்தது. சரிவைக் குறிக்கும் எண்ணை ஒப்பியவர், அந்த எண் கண்ணுக்கு எதைச் செய்யும் என்பதை ஒப்பவில்லை.

ஒழுங்கான எண்ணும் ஒப்பமும் அவசியம். ஆனால் அவை போதா. ஓர் ஆவணத்தைக் குழுவுக்கு அனுப்பிவிட்டு 'எல்லோருக்கும் அனுப்பியாகிவிட்டது' என்று சொல்வது எளிது. பெற்றவர் அதை விளங்கிக்கொண்டாரா, தம் வேலையில் அதனால் என்ன மாறுகிறது என்று கண்டாரா என்பதைக் கேட்டால்தான் பகிர்வு நிறைவேறும்.

5

இதுவரை சொன்னதெல்லாம் பொறியாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் இடையிலான கதை. குழு என்ற சொல்லுக்குள் மண் சுமந்தவர் இடம்பெறவில்லை. அவரை உள்ளே கொண்டுவந்த வரலாறு மத்திய இராஜஸ்தானத்தின் வறண்ட ஊர்களில் தொடங்குகிறது.

1990 மே 1 அன்று அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பு உருவானது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் ஊர் மக்களோடு சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். பஞ்ச நிவாரண வேலைகளிலும் அரசுக் கட்டுமானங்களிலும் உழைத்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி முழுமையாகக் கிடைக்கவில்லை. கேட்டால், நீங்கள் செய்த வேலையின் அளவு அவ்வளவுதான் என்று பதில் வந்தது. அந்த அளவு எங்கே எழுதியிருக்கிறது? அளவுப் புத்தகத்தில். வந்த நாட்கள் எங்கே? மஸ்டர் ரோலில். அவற்றைக் காட்டுங்கள் என்றபோது, அவை அரசு இரகசியம் என்றார்கள். 1923-ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டத்தின் நிழல் ஒரு சிற்றூர்க் குட்டைச் சுவர் வரை நீண்டிருந்தது.

1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணை கூடியது. கிடைத்த பட்டியல்களும் ரசீதுகளும் ஊர் நடுவே உரக்க வாசிக்கப்பட்டன. கூலி பெற்றதாக எழுதியிருந்த பெயருக்குரியவர் எழுந்து, தாம் அந்த வேலைக்கே போகவில்லை என்றார். தாளில் நின்ற கட்டடம் தரையில் இல்லை. தொடர்ந்த விசாரணைகளில் இறந்தவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது வெளிவந்தது. 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்னும் முழக்கம் அங்கிருந்து நாடெங்கும் பரவியது. 1997-இல் தமிழ்நாடு இந்தியாவிலேயே முதல் மாநிலமாகத் தகவல் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. விதிவிலக்குகள் மிகுந்த வலுவற்ற சட்டமாக அது அமைந்தது. நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தில் தகவல் உரிமையை வரையறுக்கும் 2(ஜெ) பிரிவைக் கட்டுமானத் துறையினர் அவசியம் படிக்க வேண்டும். ஆவணங்களைப் பார்வையிடுவதோடு வேலையையே பார்வையிடும் உரிமை அதில் உண்டு. சான்றிட்ட நகல் பெறும் உரிமை உண்டு. பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறும் உரிமையும் உண்டு. பள்ளிக் கட்டடத்தின் சிமெண்டுக் கலவையையும் சாலையின் ஜல்லியையும் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக் குடிமக்களுக்குச் சட்டம் வழி திறந்தது. மேல்நோக்கி மட்டுமே ஏறிய தாள் முதன்முறையாகக் கீழ்நோக்கி இறங்கியது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த மக்கள் புதிய படிவம் எதையும் கேட்கவில்லை. அவநம்பிக்கையில் பிறந்த பழைய மஸ்டர் ரோலைத்தான் கேட்டார்கள். பக்க எண் இருந்ததால், தேதி இருந்ததால், அழிக்கக் கூடாது என்னும் விதி இருந்ததால்தான் பொய்யை நிறுவ முடிந்தது. ஒழுங்கற்ற ஆவணத்தைப் பகிர்ந்திருந்தால் அவர்களுக்குக் கிடைத்திருப்பது வெறுந்தாள். ஒழுங்கும் பகிர்வும் சேர்ந்தபோதுதான் அது சான்றானது.

6

இனிக் கணினிக் காலம். வரைபலகையின் இடத்தைக் கணினித் திரை பிடித்ததும் முதலில் மறைந்தது மூலத்துக்கும் பிரதிக்கும் இடையிலான வேறுபாடு. கணினியில் ஒவ்வொரு பிரதியும் மூலம்தான். எவரும் திருத்தலாம், எவரும் 'ஃபைனல்' என்று பெயரிடலாம். இழுப்பறையின் பூட்டு இல்லை, நீல நிறம் இல்லை, முத்திரை இல்லை.

இக்குறையை உலகம் மெல்ல உணர்ந்தது. 2018-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 19650 என்னும் பன்னாட்டுத் தரம், ஒரு திட்டத்தின் ஆவணங்கள் யாவும் ஒரே பொது இடத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அங்கே ஒவ்வோர் ஆவணமும் நான்கு நிலைகளுள் ஒன்றில் இருக்கும்: செய்துகொண்டிருப்பது, பிறர் பார்வைக்குப் பகிர்ந்தது, ஒப்புதல் பெற்று வெளியிட்டது, காப்பகத்துக்குச் சென்றது. வெளியிட்டதைக் கொண்டு மட்டுமே தளத்தில் வேலை நடக்கலாம். நாக்பூர் மெட்ரோ போன்ற இந்தியத் திட்டங்கள் முப்பரிமாண மாதிரியுடன் காலத்தையும் செலவையும் இணைத்து நடத்தும் முறையைக் கையாண்டன.

கூர்ந்து பார்த்தால் இந்நான்கு நிலைகளும் நமக்கு அந்நியமானவை அல்ல. செய்துகொண்டிருப்பது வரைவாளரின் பலகை. பகிர்ந்தது, பிற பிரிவுகளின் கருத்துக்குச் சென்ற சரிபார்ப்புப் பிரதி. வெளியிட்டது, ஒப்பம் ஏறிய நீலப் பிரதி. காப்பகம், 'நீக்கப்பட்டது' என முத்திரையிட்டு அடுக்கிய கட்டு. பெயர் புதிது, அறம் பழையது.

மென்பொருளால் மட்டும் அந்த அறம் காப்பாற்றப்படாது என்பதற்கும் அண்மைச் சான்று இருக்கிறது. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் தொழிலாளர் வருகையைக் கைப்பேசிச் செயலியில், இடக்குறியுடன் கூடிய படங்களாக நாள்தோறும் இருமுறை பதிவது கட்டாயமாயிற்று. தாளில் நடந்த மோசடிக்கு அது முடிவு கட்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. வேலைக்குத் தொடர்பில்லாத படங்கள் ஏற்றப்படுவதையும், பழைய படத்தையே மறுபடி படம்பிடித்து ஏற்றுவதையும் 2025-இல் ஒன்றிய ஊரக வளர்ச்சித் துறையே சுற்றறிக்கையில் குறிப்பிட நேர்ந்தது. மறுபக்கம், சிக்னல் கிடைக்காத ஊரில் உண்மையாகவே உழைத்தவரின் வருகை பதிவாகாமல் போவதும் நடந்தது. அன்று அளவுப் புத்தகத்தின் முன்னே கூலிக்காக நின்றவர், இன்று திரையின் முன்னே நிற்கிறார்.

7

அப்படியானால் இன்றைய குழு என்ன செய்ய வேண்டும்? பழைய விதிகளை அவற்றின் காரணத்தோடு புதிய இடத்துக்குப் பெயர்த்து நட வேண்டும்.

பக்கம் கிழிக்கக் கூடாது என்பதன் பொருள், பொதுக் கோப்புறையில் உள்ள எதையும் அழிக்கக் கூடாது; காலாவதியானதைத் தனி உறைக்கு நகர்த்த வேண்டும் என்பது. சுருக்கொப்பத்துக்கு ஈடு, ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல். ஒரே கடவுச்சொல்லைப் பத்துப் பேர் பயன்படுத்தும் அலுவலகத்தில், மென்பொருள் எழுதி வைக்கும் வரலாறு பத்துப் பேரின் பெருவிரலையும் ஒரே ரேகையாகக் காட்டும். தலைப்புக் கட்டத்துக்கு ஈடு, வரைபட எண்ணும் திருத்த எழுத்தும் தேதியும் கோப்பின் பெயரிலேயே இருப்பது. 'ஃபைனல்' என்ற சொல்லைக் கோப்பின் பெயரில் எழுதுவதையே நிறுத்திவிடலாம். கட்டி முடித்துச் சாவியைக் கொடுக்கும்வரை கட்டடத்தில் எதுவும் இறுதியன்று. கைப்பேசியில் படம் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் வலது கீழ்மூலையைச் சேர்த்தே அனுப்ப வேண்டும். எந்தத் திருத்தம் எந்நாளில் யாரிடம் சேர்ந்தது என்னும் பதிவேடு, ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் எழுதியதாக இருந்தாலும், இருந்தாக வேண்டும்.

ரைசினா குன்றின் பாடம் அடுத்தது. பெரிய திருத்தம் ஒன்று வந்தால் அதை அனுப்பிவிட்டு அமைதியடையாமல், மேஸ்திரியையும் கம்பி கட்டுபவரையும் அழைத்து, அவர்கள் வாயாலேயே என்ன மாறியது என்று சொல்லச் சொல்லிக் கேட்பது. ஐந்து நிமிட வேலை. ஆண்டுக்கணக்கில் முறையிட்டும் கிடைக்காததை அந்த ஐந்து நிமிடம் தரக்கூடும்.

கோட் கிரானாவின் பாடம் கடைசி, கடினமானதும் அதுவே. கூலிப் பதிவும் அளவுப் பதிவும், அவற்றில் பெயர் உள்ளவர் வாசிக்கக்கூடிய மொழியில், அவர் கண்படும் இடத்தில் இருக்க வேண்டும். இராஜஸ்தானத்தின் சில ஊராட்சிகளில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஊரின் பொதுச் சுவரில் வேலை செய்தவர் பெயரையும், நாட்களையும், கூலியையும் வண்ணத்தில் எழுதிவைத்தார்கள். அதற்குக் கடவுச்சொல் இல்லை, மின்சாரம் வேண்டியதில்லை. எழுத்தறியாதவருக்குப் பள்ளி செல்லும் பிள்ளை வாசித்துச் சொல்லும். பிழை இருந்தால் அன்று மாலையே ஊர் கேட்கும்.

உங்கள் தளங்களில் ஆவணங்களை எப்படிப் பேணுகிறீர்கள், வருகைப் பதிவை எவரெவர் பார்க்க முடிகிறது என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். பழைய எம்.புக் காலத்தில் பணியாற்றிய மூத்த பொறியாளர்களின் நினைவுகளையும், தம் பெயர் எழுதப்பட்ட பட்டியலை ஒருமுறையேனும் கண்ணால் கண்ட தொழிலாளர்களின் சொற்களையும் குறிப்பாக எதிர்நோக்குகிறேன்.